பூட்டு திறக்கும்வரை தார்லானுக்கு நான்கு வயது

எங்கள் மாவட்டக் குதிரைச் சங்கத்தில் நான் பதினோரு ஆண்டுகளாகப் பதிவு எழுத்தர். பெயர் எர்மெக். குட்டி பிறந்தால் எழுதுவேன், கிழடு செத்தால் எழுதுவேன். நடுவில் விற்றாலும் வாங்கினாலும் திருடு போனாலும் எழுதுவேன். இதற்கெல்லாம் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதத்தில், தார்லான் என்ற ஒரே ஒரு குதிரையின் பிறந்த ஆண்டை அழித்துவிட்டு ஓராண்டு தள்ளி எழுதுவேன். அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. செய்யாவிட்டால் இருக்கிற சம்பளமும் கிடையாது.

தார்லான் ஒரு சாம்பல் நிற ஆண்குதிரை. அதன் சொந்தக்காரர் சாபித். சாபித்தின் மகளைத்தான் எங்கள் சங்கத் தலைவர் ஒரின்பசாரின் மகன் கட்டியிருந்தான். ஆகவே தார்லானும் ஒரு வகையில் தலைவருக்குச் சம்பந்தி முறை.

மூன்று வயதுக் குதிரைகளுக்கென்று ஒரு பந்தயம் உண்டு. குனான் பந்தயம் என்போம். திடலை ஏழு சுற்று ஓட வேண்டும். முதல் பரிசு கார். தார்லான் மூன்று வயதில் அதில் ஓடி முதலாவதாக வந்தது. அதில் தப்பில்லை. அடுத்த ஆண்டும் மூன்று வயதில் ஓடி முதலாவதாக வந்தது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. போன ஆண்டு, கூட நின்ற மூன்று வயதுக் குதிரைகள் அதன் வயிற்றுக்கடியில் நிழலுக்கு ஒதுங்கலாம் போல இருந்தன. பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டிய கால்நடை மருத்துவர் சாபித் வீட்டு விருந்தில் உட்கார்ந்தபடியே, முற்றத்தின் அந்தக் கோடியில் நின்ற குதிரையைப் பார்த்து, "மூணு, மூணு" என்று வாயில் கறியோடு சொன்னதாகக் கேள்வி.

இதில் அதிகம் அடிபட்டவர் குவாந்திக். மேட்டுநிலத்தில் குதிரை வளர்க்கிறவர். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது மூன்று வயதுக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார். ஒவ்வோர் ஆண்டும் அதே பழைய மூன்று வயதுக் குதிரையிடம் தோற்று இரண்டாவதாக வருவார். இரண்டாம் பரிசு துணி துவைக்கும் இயந்திரம். அவர் வீட்டில் நான்கு இருக்கின்றன.

இனி ஜுபாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வசந்தத்தில் எங்கள் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. நகல் ஒன்றும் இல்லை. நாலாயிரம் குதிரைகள் ஒரே காலையில் காற்றில் கரைந்தன. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மறுபடி பதியச் சொன்னோம். பதிந்தபோது மாவட்டத்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குதிரையே இல்லை என்று தெரியவந்தது. அத்தனையும் சாம்பியன்களின் பேரப்பிள்ளைகள். மேலிடத்துக்குச் சிரிப்பு வந்து, கணினிக்கென்று ஒரு ஆளைப் போடச் சொன்னார்கள். அப்படி வந்தவள்தான் ஜுபார். முப்பது வயதிருக்கும். வாய் மட்டும் அறுபது வயதுக்கு இருக்கும்.

வந்த முதல் வாரமே புது சர்வர் கேட்டாள். அந்தப் பணத்தில் தலைவர் வாசலில் வெண்கலக் குதிரைச் சிலை வைத்தார். அதனால் அவள் பழசை வைத்தே காலம் தள்ளினாள். பழையதில் நகல் எடுக்க வேண்டுமென்றால் பூட்ட வேண்டும். எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"இந்த சர்வர் நம்ம தலைவர் மாதிரிண்ணே. எழுதிட்டேன், எழுதிட்டேன்னு சொல்லும். எழுதியிருக்காது. எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டுத் திரியும். முதல்ல அதை உலுக்கி, தலையில இருக்கிறதை எல்லாம் டிஸ்க்ல கொட்ட வைக்கணும். அப்புறம் பூட்டணும். பூட்டிட்டா யார் வேணா படிக்கலாம், யாரும் எழுத முடியாது."

"எழுதினா என்ன ஆகும்?"

"நகல்ல ஒரு குதிரை வரும். முன்னங்கால் நேத்து உள்ளது, பின்னங்கால் இன்னைக்கு உள்ளது. ஏறி உக்காருவியா?"

பூட்டுவதற்கு முன் தாழ்வாரத்தில் நின்று கத்துவாள். "பூட்டப் போறேன்! முப்பது நிமிஷம்! எழுதுறவங்க டீ குடிங்க!" நாங்களும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக்கும் பால் டீயுமாக உட்கார்ந்துவிடுவோம். அவள் மட்டும் தன் மடிக்கணினியை விட்டு அசைய மாட்டாள். பூட்டு அந்தத் திரையில் திறந்திருக்கும் ஒரு ஜன்னலில்தான் உயிரோடு இருக்கிறது. அந்த ஜன்னல் மூடினால், மடிக்கணினி தூங்கிப்போனால், பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

மற்ற ஆண்டுகளில் பந்தயப் பட்டியலைக் காலையில் அனுப்பிவிடுவோம். நகல் எடுப்பது பிற்பகலில். இந்த ஆண்டு ஆட்சியர் அலுவலகம் புது உத்தரவு போட்டது. பந்தயத்துக்கு முந்தின நாள் சரியாக மூன்று மணிக்கு அவர்களே எங்கள் சர்வரிலிருந்து பட்டியலை நேராகப் படித்து எடுத்துக்கொள்வார்களாம். யார் கையும் படக் கூடாதாம். அதற்குள் நகலும் தயாராக இருக்க வேண்டுமாம். ஜுபார் ஒரு மணிக்கு மேல் கத்திவிட்டுப் பூட்டினாள்.

அந்தக் கத்தல் எனக்குக் கேட்கவில்லை. நான் தலைவர் அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

தலைவர் மேசையில் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒரு பெரிய தட்டு. குதிரைக்கறித் துண்டங்கள், வெங்காயம். குதிரைகளின் நலனுக்கான சங்கத்தில் அதைத்தான் சாப்பிடுவார்கள். எதிரே சாபித்.

"எர்மெக், நம்ம பையன் வேலை முடிஞ்சுதா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. இப்பப் போய்ப் போடுறேன்."

"வருஷா வருஷம் சொல்லணுமாய்யா உனக்கு? பையனுக்கு மூணு வயசாகணும். மூணு மணிக்குள்ள ஆகணும்."

"இப்ப எத்தனைன்னு போட்டிருக்கு?" என்று சாபித் கேட்டார். தன் குதிரையின் வயதைத்தான் கேட்டார்.

"போன வருஷம் மூணு போட்டோம். அதனால இந்த வருஷம் நாலு காட்டுதுங்க."

"பாத்தீங்களா சம்பந்தி? இந்தக் கம்ப்யூட்டருக்கு இரக்கமே கிடையாது."

உண்மையில் ஏழு. குட்டியாகப் பதிந்தவனே நான்தான். கணினியில் நான்கு. தலைவருக்கு வேண்டியது மூன்று. நான் கீழே என் மேசைக்கு வந்து, பிறந்த ஆண்டை மாற்றி, சேமி என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து ஜுபார் வந்தாள். இடது உள்ளங்கையில் மடிக்கணினி, திறந்தபடி, சூடான பாத்திரத்தைத் தாங்குவது போல. அதை என் மேசையில் மெதுவாக வைத்தாள்.

"அண்ணே, உள்ள எழுத முடியாம நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க. மூணு வரி குட்டிப் பதிவு. நாலாவது உன் பேர்ல நிக்குது." திரையை என் பக்கம் திருப்பினாள். "தார்லான். பிறந்த வருஷம். இது என்னண்ணே?"

பூட்டினால் வரிசை இப்படிப் பேரோடு தெரியும் என்று எனக்குத் தெரியாது. மற்ற நாட்களில் அழுத்திய வேகத்தில் உள்ளே போய்விடும். யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது என் பெயர், நேரம், நான் எழுதிய வரி, எத்தனை விநாடியாக நிற்கிறேன் என்பது வரை அங்கே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு விநாடி.

"ஒரு சின்னத் திருத்தம்மா" என்றேன்.

அவள் முகம் சிவந்தது. நியாயம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பேசியது வேறு.

"சின்னத் திருத்தமா? ஒவ்வொரு ஜூலை நகலையும் நான் திறந்து பழசோட ஒப்பிட்டுப் பாப்பேன். நாலாயிரம் குதிரைக்கும் ஒரு வயசு கூடியிருக்கும். ஒண்ணே ஒண்ணுக்குக் கூடியிருக்காது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? என் நகல்ல கோளாறுன்னு நினைச்சேன்! கொட்டச் சொன்னது சரியாக் கொட்டலை, அந்த ஒரு வரி மட்டும் டிஸ்க்குக்கு வரலைன்னு நினைச்சு, போன கோடை லீவு பூரா உக்காந்து நகல் எடுக்கிற புரோகிராம் முழுசையும் முதல்லேருந்து எழுதினேன். எல்லாரும் ஏரிக்குப் போனாங்க. நான் போகலை. என்னை நானே முட்டாள்னு திட்டிக்கிட்டேன்ணே! இந்த வருஷமும் அதேன்னா வேலையை விட்டுடறதுன்னு இருந்தேன்!"

"அம்மாடி, மெதுவா..."

"ஒரு குதிரை கிழடாகாததுக்கு நான் ஏரிக்குப் போகலை!"

எனக்குத் தலை குனிந்துபோனது. தார்லானால் குவாந்திக் தோற்றது எனக்குத் தெரியும். அது பழகிப்போயிருந்தது. என் ஒரு விரல் அழுத்தத்தால் பக்கத்து அறையில் ஒருத்தி தன் மூளையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது புதிது.

"நகல் எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சு அஞ்சு நிமிஷமாச்சு."

"அப்புறம் ஏன் இன்னும் பூட்டியிருக்கு?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு மணிக்கு ஆட்சியர் ஆபீஸ் படிக்கத்தானே போகுது? படிக்கிறதுக்குப் பூட்டு தடை இல்லை. மூணு வரைக்கும் நகல் ஓடிக்கிட்டே இருக்கும்ணே. பெரிய நகல்."

மணி ஒன்று ஐம்பது.

இரண்டு பத்துக்குத் தலைவரே இறங்கி வந்தார். பின்னால் சாபித், தட்டை விட மனமில்லாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு. தாழ்வாரத்துப் பெஞ்சில் பட்டியலுக்காகக் காத்திருந்த குவாந்திக் எழுந்து வணக்கம் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. அவர் கதவருகே வந்து நின்றுகொண்டார்.

"என்னய்யா, ஆச்சா?" என்றார் தலைவர்.

"பூட்டியிருக்குங்க. நகல் ஓடுது" என்றேன்.

"பூட்டைத் திற" என்று தலைவர் ஜுபாரிடம் சொன்னார்.

"திறக்கலாம் தலைவரே. ஆனா பாதிக் குதிரைங்கதான் நகலுக்குள்ள போயிருக்கு. மீதி வெளிய நிக்குது. இப்பத் திறந்தா எல்லாம் கலைஞ்சு ஓடிடும். அப்புறம் ஆட்சியர் ஆபீஸ் நகல் எங்கன்னு கேட்டா, தலைவர் திறக்கச் சொன்னார்னு எழுதிக் குடுத்துடறேன். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டால் தலைவர் எப்போதும் ஒரு அடி பின்னால் வைப்பார். இப்போதும் வைத்தார்.

"ஒரே ஒரு குதிரைக்கு மட்டும் திறக்க முடியாதா?"

"எந்தக் குதிரைன்னு சொல்லுங்க, பாக்கிறேன்."

தலைவர் கதவருகே நின்ற குவாந்திக்கைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"ஏன் சம்பந்தி, அந்த ஒயரைப் பிடுங்கிட்டாத் திறந்துக்காதா?" என்றார் சாபித்.

"பிடுங்குங்க" என்றாள் ஜுபார். "மூணு வருஷம் முன்ன அப்படித்தான் டிஸ்க் போச்சு. அன்னைக்கு நாலாயிரம் குதிரை. நாளைக்குப் பந்தயத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கும் போகட்டும். தாராளமாப் பிடுங்குங்க."

யாரும் பிடுங்கவில்லை. எல்லோரும் நின்றோம். வட்டம் சுற்றியது. சாபித்துக்குக் கை வலித்திருக்க வேண்டும். தட்டை வைக்க இடம் தேடினார். என் மேசையில் மடிக்கணினியைத் தவிர மற்ற இடமெல்லாம் காகிதம். "இதைக் கொஞ்சம் மூடிக்கிறேன்மா" என்று சொல்லி, அதன் மூடியில் கையை வைத்து, மெல்ல இறக்க ஆரம்பித்தார்.

அரை ஜாண் தூரம். அது மூடினால் தூங்கிவிடும், தூங்கினால் பூட்டு திறக்கும், திறந்தால் என் வரி உள்ளே போய்விடும். தார்லானுக்கு மூன்று வயது ஆகிவிடும். இது அந்த மனிதருக்குத் தெரியாது. தன்னையறியாமலே ஒரு கறித்தட்டால் ஜெயிக்கப் போகிறார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன் என்பது எழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "தட்டை என்கிட்ட குடுங்க!" என்று கத்தி, இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டேன். வெங்காயம் தலைவரின் செருப்பில் விழுந்தது.

"என்னய்யா பசியா உனக்கு?" என்றார் சாபித்.

"ஆமாங்க. காலையிலேருந்து சாப்பிடலை."

வேறு வழியில்லாமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஜுபார் மூடியை நிமிர்த்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி இருமினாள். சிரிப்பை அப்படித்தான் அடக்குவாள்.

மூன்று மணி ஆயிற்று. ஆட்சியர் அலுவலகத்தின் பெயர் திரையில் வந்தது. நான்கு விநாடி இருந்தது, போனது. படித்து எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது நிமிடம் தலைவரின் கைப்பேசி ஒலித்தது. பட்டியல் வந்து சேர்ந்ததாம், மிக்க நன்றியாம். நான்கு வயதான தார்லான், பதிவுப்படி, பெரிய பந்தயத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதாம். வயது கூடினால் தானாக அங்கே போய்விடும். பதினான்கு சுற்று.

தலைவர் மேலே போனார். சாபித் என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு பின்னால் போனார்.

ஜுபார் விரலை விசைமேல் வைத்தாள். "திறக்கப் போறேன்ணே. உன் வரி இன்னும் நிக்குது. உள்ள விடவா, வெட்டவா?"

"நானே எடுத்துடறேன்" என்றேன். என் திரையில் ரத்து செய்தேன். வட்டம் நின்றது. அவள் பூட்டைத் திறந்ததும் மூன்று குட்டிகள் உள்ளே ஓடின. என் கை சும்மா இருக்கவில்லை. தார்லானின் பிறந்த ஆண்டை மறுபடி திறந்து, ஏழு வயது வருகிற மாதிரி எழுதி, சேமித்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வயிறு லேசாக இருந்தது. கறி சாப்பிட்டதையும் மீறி.

மறுநாள் குனான் பந்தயத்தில் குவாந்திக்கின் குதிரை இரண்டாவதாக வந்தது. மலையடிவாரத்திலிருந்து யாரோ ஒரு பெண் கொண்டுவந்திருந்த கறுப்புக் குதிரை, நிஜமாகவே மூன்று வயது, முதலாவதாக வந்தது. குவாந்திக் என்னைத் தேடி வந்தார். திட்டுவதற்கு இந்த முறை ஆள் இல்லை. "பரிசை வேணா நீ எடுத்துக்கிறியா எர்மெக்?" என்று என்னிடம் கேட்டார். "அஞ்சாவதையும் கொண்டு போனா எம்பொண்டாட்டி என்னை அதுக்குள்ள போட்டுத் துவைச்சுடுவா."

பிறகு பெரிய பந்தயம். தார்லான் ஓடும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் அதை விலக்கிக்கொள்ள சாபித்தின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. குதிரை அற்புதமாக ஓடியது, அதை மறுக்க முடியாது. முதல் சுற்றிலிருந்தே முன்னால். ஐந்தாவது சுற்றில் மற்றவை எல்லாம் தூசிக்குள் போய்விட்டன. சாபித் தொப்பியைக் கழற்றி வீசினார். தலைவர்கூட எழுந்து நின்றுவிட்டார். ஏழாவது சுற்றின் முடிவில் கோட்டைத் தாண்டியது தார்லான்.

தாண்டி, நின்றது.

வாழ்க்கையில் ஏழு சுற்றுக்கு மேல் அது ஓடியதில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டது. மெதுவாகத் திரும்பி, வென்ற குதிரைக்குப் பட்டுத்துணி போர்த்தும் இடத்துக்கு நேராக நடந்து போய், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சவாரிக்காரன் கெஞ்சினான், உதைத்தான், காதில் என்னவோ சொன்னான். அது நகரவில்லை. மற்ற குதிரைகள் மூச்சு வாங்கிக்கொண்டு அதைக் கடந்துபோயின. கூட்டம் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜுபாரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார் தலைவர். தலையிலிருப்பதை டிஸ்க்கில் கொட்டுவது எப்படி, பூட்டுவது ஏன் என்று ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் முதல் பக்கத்தில் கொட்டாவி விட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குப் பயப்படுகிறவர் எப்படிப் போட்டார் என்று தெரியவில்லை. எரிச்சலாக இருக்கலாம். கடைசிப் பக்கம் புது சர்வர் வாங்க ஒப்புதல். புதியதில் ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுக்கலாமாம், பூட்டவே வேண்டாமாம். அது வந்து இறங்கிய அன்று அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்குப் போனாள்.

என்னைத் தலைவர் ஒரு மாதம் கூப்பிடவில்லை. சம்பந்திகள் இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. பேரன் பிறந்து தொட்டில் விருந்து வைத்தபோதுதான் சமாதானம் ஆனார்கள். அதற்கு மறுநாள் அழைப்பு வந்தது. போனேன். அறையில் அவர் மட்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"தார்லானுக்கு ஏழுன்னு போட்டது நீயா, அந்தப் பொண்ணா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். "நான்தாங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். பெருமூச்சு விட்டார்.

"எட்டுய்யா" என்றார்.

"என்னங்க?"

"அதுக்கு எட்டு வயசு. முதல் தடவை உன்கிட்ட பதியக் கொண்டு வந்தோமே, அப்பவே ஒண்ணு குறைச்சுத்தான் சொன்னோம்."

தார்லான் நியாயமாக வென்றதாக நான் நம்பியிருந்த அந்த முதல் ஆண்டும் போயிற்று.

"திருத்திடவாங்க?" என்று கேட்டேன்.

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது போல. முகத்தைச் சுளித்தார்.

"திருத்து" என்றார். "ஆனா சம்பந்திகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதே."